ஒப்பரேசனுக்கு முன் ஏன் பட்டினி?

காலையில் ஒப்பரேசன். பிள்ளை பசியில் அழுகிறது. "ஒரு வாய் பால் தேத்தண்ணிதானே, டொக்டருக்கு எங்க தெரியப்போகுது" என்று பாட்டி ஊட்டிவிடுகிறார். லயங்களில் இப்படிப் பேசுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம். பாசத்தால் செய்வதுதான். ஆனால் உயிருக்கே ஆபத்து.

விழித்திருக்கும்போது புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். மயக்க மருந்து ஏறியதும் அந்த இருமல் வராது. வயிற்றில் கிடப்பது மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கினால், கட்டிச் சாப்பாடு மூச்சை அடைக்கும். வயிற்றுப் புளிப்பு நீர் சுவாசப்பையைப் புண்ணாக்கும்.

இதை 1946இல் மெண்டல்சன் என்ற அமெரிக்க டொக்டர் விளக்கி எழுதினார். நியூயோர்க் ஆஸ்பத்திரி ஒன்றில் 44,016 பிரசவங்களை ஆராய்ந்ததில், 66 தாய்மாருக்கு இப்படி நேர்ந்திருந்தது. அவர்களில் இருவர் சாப்பாடு அடைத்து இறந்தார்கள்.

இன்றைய பொதுக் கணக்கு இது:

சோறு, ரொட்டி, பால் தேத்தண்ணி – குறைந்தது 6 மணித்தியாலம். பொரித்தது, இறைச்சி என்றால் இன்னும் கூட.
தாய்ப்பால் – 4 மணித்தியாலம்.
வெறும் தண்ணீர் – 2 மணித்தியாலம்.

ஆனாலும் வார்டில் உங்களுக்குச் சொல்லும் நேரத்தையே பிடியுங்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் மறைக்க வேண்டாம். நர்ஸ் ஏசினாலும் பரவாயில்லை, உடனே சொல்லுங்கள். ஆடும் பல், குடிக்கும் மருந்து, பழைய வருத்தம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒப்பரேசன் வேறு நாளுக்குத் தள்ளிப்போகலாம். இன்னொரு நாள் சம்பளமும் போகலாம். அதைப் பிறகு உழைத்துக்கொள்ளலாம். போன உயிர் வராது.