கணினிக்கு மணி சொல்லும் செயற்கைக்கோள்

இணையவழித் தேர்வு நாளன்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினி மட்டும் தேர்வுத் தளத்தைத் திறக்க மறுத்தது. 'பாதுகாப்பற்ற தளம்' என்றே எச்சரித்துக்கொண்டிருந்தது. இணைப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், இதுல வருசமே தப்பா இருக்கு" என்றாள். மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில் பிறக்கவே இல்லை! அதற்குள் அவளுக்குக் கால் மணி நேரம் போய்விட்டது.

பேட்டரி நன்றாக இருந்தாலும் கடிகாரம் விலகத்தான் செய்யும். உள்ளிருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர வேண்டும். அதில் பத்து இலட்சத்துக்கு 20 என்ற அளவு பிழை இருந்தாலே நாளுக்கு 1.7 நொடி, மாதத்தில் 50 நொடிக்கு மேல் விலகும். இணையம் இருந்தால் கணினி தானே சரிசெய்துகொள்ளும். இணையம் நிலையாக இல்லாத ஊர்களில்? அங்கே ஜி.பி.எஸ். கருவி கைகொடுக்கும்.

ஜி.பி.எஸ். இடத்தைக் காட்டும் கருவி என்றுதான் நினைக்கிறோம். அடிப்படையில் அது கடிகாரம். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் அணுக் கடிகாரங்களுடன் சுற்றும் செயற்கைக்கோள்கள், சமிக்ஞை புறப்பட்ட நேரத்தை அனுப்புகின்றன. தலைக்கு மேலிருந்து அது நம்மை அடைய ஏறத்தாழ 0.067 நொடி. ஒரு மைக்ரோநொடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். கருவியின் இடத்துக்கு மூன்று, அதன் கடிகாரப் பிழைக்கு ஒன்று எனத் தெரியாதவை நான்கு. எனவே நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. பத்தாம் வகுப்பில் மூன்று மாறிச் சமன்பாடுகள் நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். (இவை நேரியல் சமன்பாடுகள் அல்ல, கருத்து அதுவே.)

சில நூறு ரூபாய்க்கே இக்கருவி கிடைக்கிறது. தேதியையும் நேரத்தையும் எழுத்துகளாகக் கணினிக்கு அனுப்பும். ஆனால் அவ்வரி வந்து சேர்வதில் தாமதம் உண்டு, அதுவும் ஒரே சீராக இராது. அதனால் துல்லியம் வேண்டுவோர், ஒவ்வொரு நொடியும் தொடங்கும் கணத்தில் கருவி தரும் மின்துடிப்பையும் கணினியில் இணைக்கிறார்கள். 'இப்போது மணி என்ன' என்பதை வரி சொல்லும். 'இதோ, இக்கணம்' என்பதைத் துடிப்பு சொல்லும். லினக்ஸில் 'குரோனி' மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் கடிகாரத்தைத் திருத்தும். ஒரு கணினியில் அமைத்தால் போதும், மற்றவை அதனிடம் கேட்டுக்கொள்ளும்.

இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஜி.பி.எஸ். நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2017 முதல் 18 நொடி முந்தியுள்ளது. இந்த வேறுபாட்டுத் தகவல் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். கருவியைப் போட்டவுடன் நம்பிவிடாதீர்கள். அடுத்து, பழைய கருவிகள் வாரத்தை 1,023 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யம். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரலில். அத்தகைய கருவி சில நேரம் ஏறத்தாழ இருபது ஆண்டு பழைய தேதியைக் காட்டும்.

கான்கிரீட் கூரைக்கடியில் சமிக்ஞை எட்டாது. ஆண்டெனாவை வானம் தெரியும் சன்னலோரம் வையுங்கள்.