முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்திற்கு: விண்ணப்பம் எழுதுமுன் ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய கணக்கு

விடைத்தாள் கட்டுகள் வீடு வந்து சேரும் மார்ச் மாதத்தில்தான் பல ஆசிரியர்களின் உள்ளத்தில் அந்த எண்ணம் எழுகிறது. அடுத்த கல்வியாண்டு முதல் அரைநாள் மட்டும் பள்ளிக்குச் சென்றால் என்ன? படுக்கையில் இருக்கும் மாமியார், பத்தாம் வகுப்புக்கு வரும் மகன், நின்று நின்று வீங்கிய கால்கள், பாதியில் நின்றுபோன முனைவர் பட்ட ஆய்வு என்று காரணம் வீட்டுக்கு வீடு வேறுபடும். காரணத்தை எடைபோடுவது எமது வேலையன்று. ஆயினும், விண்ணப்பம் எழுதுமுன் பார்க்க வேண்டிய கணக்குகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று பெரும்பாலோர் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

மாத ஊதியம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால், ஏற்கனவே உழைத்து ஈட்டிய தொகையும் குறையக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பணிக்கொடையைத்தான் குறிப்பிடுகிறோம். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 2009இல் திருத்தப்பட்டபோது, 1997 ஏப்ரல் 3 முதல் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அவ்வுரிமை கிட்டியது. அத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்தது. கணக்கு எளியது: கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். “கடைசியாகப் பெற்ற” என்ற சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது.

ஓர் ஆசிரியை 18 ஆண்டுகள் முழுநேரம் பணியாற்றி, ₹52,000 பெறுகிறார் என்று கொள்வோம். அன்றே விலகினால் அவருக்கு உரிய பணிக்கொடை ₹5,40,000. விலகாமல், ₹26,000 ஊதியத்தில் மேலும் நான்கு ஆண்டுகள் பகுதிநேரமாகப் பணியாற்றி ஓய்வு பெறுகிறார். கடைசி ஊதியத்தையே அளவுகோலாகக் கொண்டால், 22 ஆண்டுகளுக்கும் சேர்த்து அவர் பெறுவது ₹3,30,000 மட்டுமே. நான்கு ஆண்டுகள் கூடுதலாக உழைத்தும் ₹2,10,000 குறைகிறது!

உடற்குறைபாடு ஏற்பட்டு, அதன்பின் குறைந்த ஊதியத்தில் பணியாற்றுவோருக்கு இரு காலங்களையும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. விரும்பிக் குறைத்துக்கொள்வோருக்கு அத்தகைய வெளிப்படையான பாதுகாப்பு இல்லை. ஆனால், சட்டம் தருவதைவிடக் கூடுதலான நலனை நிறுவனம் அளிக்கத் தடையில்லை. ஆகவே, முழுநேரப் பணிக்காலத்திற்குரிய பணிக்கொடை முழுநேர ஊதியத்தின்படியே கணக்கிடப்படும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று. வாய்ச்சொல்லை நம்பிப் பயனில்லை; தாளாளர் மாறலாம், தலைமையாசிரியர் மாறலாம். முறையாக விலகிப் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு, புதிய நியமனமாகச் சேர்வதும் ஒரு வழியே. அவ்வாறு செய்தால், அடுத்த பணிக்கொடைக்குத் தேவையான ஐந்தாண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், பணிமூப்பும் போகலாம்.

வருங்கால வைப்பு நிதியில் இவ்வளவு சிக்கல் இல்லை. பகுதிநேரம் என்பதாலேயே உறுப்பினர் தகுதி போய்விடாது. இருதரப்புப் பங்கும் ஊதியத்தை ஒட்டிக் குறையும், அவ்வளவே. அதனோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் மட்டும் கவனம் தேவை. அங்கு கடைசி 60 மாத ஊதியத்தின் சராசரியே அடிப்படை. அதற்கு ₹15,000 என்ற உச்சவரம்பும் உண்டு. பகுதிநேர ஊதியம் அவ்வரம்புக்கு மேலேயே நின்றால் ஓய்வூதியத்திற்குக் குறைவில்லை. அதற்குக் கீழே இறங்கினால், ஓய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் எடுக்கும் முடிவு வாழ்நாள் முழுவதும் தொடரும்.

மகப்பேற்றை எதிர்நோக்கும் ஆசிரியைகளுக்கு ஒரு சொல். பேறுகால விடுப்பில் தரப்படும் ஊதியம், விடுப்புக்கு முந்தைய மூன்று மாத ஊதியத்தின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எனவே, பகுதிநேரத்திற்கு மாற விரும்புவோர் விடுப்புக்குப் பின் மாறுவதே மேல்.

மத்திய அரசுப் பணியில் உள்ளோருக்கு, கேந்திரிய வித்யாலயா ஆசிரியைகள் உட்பட, 18 வயதுக்குட்பட்ட இரு குழந்தைகளுக்காகப் பணிக்காலத்தில் மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் 365 நாளுக்கு முழு ஊதியமும் எஞ்சிய நாள்களுக்கு 80 விழுக்காடும் கிடைக்கும். குழந்தைக்காகவே நிரந்தரப் பணியை விட எண்ணுவோர் முதலில் இவ்விடுப்பைக் கேட்டுப் பார்க்கலாமே! நிரந்தரப் பணியிடம் ஒருமுறை கைவிட்டுப் போனால் மீள்வது அரிது.

இனி, நேரத்தின் கணக்கு. அரை ஊதியத்திற்கு உண்மையிலேயே அரைவேலைதானா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளி ஆசிரியருக்கு வாரத்திற்குக் குறைந்தது 45 மணி நேரம் என்று வகுக்கும்போது, பாடத் தயாரிப்பையும் அதற்குள்ளேயே சேர்க்கிறது. பகுதிநேர ஒப்பந்தங்களோ பெரும்பாலும் பாடவேளைகளை மட்டுமே எண்ணுகின்றன. கட்டுரை நோட்டுத் திருத்தம், பெற்றோர் கூட்டம், ஆண்டுவிழா ஒத்திகை, தேர்வுக் கண்காணிப்பு ஆகியவை எவர் கணக்கில்? நாள்தோறும் அரைநாளா, வாரத்தில் மூன்று முழுநாளா என்பதையும் கேட்க வேண்டும். மும்பை போன்ற நகரில் இரண்டு மணி நேரம் ரயிலில் செல்பவருக்கு, நாள்தோறும் அரைநாள் என்பது சலுகையே அன்று. மே மாதத்திற்கு ஊதியம் உண்டா என்பதும் ஒரு முக்கியமான கேள்வி.

பகுதிநேரத்தோடு தனிப்பயிற்சியும் நடத்தி வருவாயை ஈடுசெய்யலாம் என்று கருதுவோர் கவனிக்க: மேற்சொன்ன கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடைசெய்கிறது. பள்ளி தருவது ஊதியமா, தொழில்முறைக் கட்டணமா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கட்டணமாகத் தந்தால், ஊதியதாரருக்குப் புதிய வருமான வரி முறையில் கிடைக்கும் ₹75,000 நிலைக்கழிவு கிடைக்காது. வைப்பு நிதியும் இருக்காது.

வங்கியின் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கடன் வாங்க எண்ணியிருந்தால், பகுதிநேர ஊதியச் சீட்டைக் காட்டிப் பெறும் தொகை குறைவாகவே இருக்கும். அதற்காக முழுநேர ஊதியத்தைக் காட்டிக் கடன் வாங்கிவிட்டு மறுமாதமே குறைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது. தவணையைக் கட்டப்போவது நீங்கள்தான். ஏற்கனவே கடன் இருந்தால், தவணை தவறிய பின் அன்றி, ஊதியம் குறையுமுன்பே கிளை மேலாளரைச் சந்தியுங்கள். தவணைக்காலத்தை நீட்ட வழியிருந்தால் அப்போதுதான் பேச முடியும். நீட்டினால் மொத்த வட்டி கூடும் என்பதையும் அறிந்திருங்கள். ஊதியக் கணக்குடன் வரும் விபத்துக் காப்பீடு, பள்ளியின் குழு மருத்துவக் காப்பீடு ஆகியவை தொடருமா என்றும் கேளுங்கள்.

இத்தனைக்கும் பின் மனம் அங்கேயே நின்றால், ஓர் ஒத்திகை பார்க்கலாம். முழுநேர ஊதியம் வந்துகொண்டிருக்கும்போதே, குறையப்போகும் தொகையை ஜனவரி முதல் மாதந்தோறும் தனியே ஒரு கணக்கிற்கு மாற்றிவிட்டு, எஞ்சியதில் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். பால், மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து, தவணை எல்லாம் அதற்குள் அடங்கினவா என்பது மார்ச் இறுதியில் தெரிந்துவிடும். சேர்ந்த பணம் எப்படியும் உங்களுடையதே; விண்ணப்பத்தை அதன்பின் எழுதலாம்.