வீட்டு வைஃபை – 6: கரண்ட் போய் வரும் ஊருக்கு எந்த ஃபர்ம்வேர்?

ரவுட்டர் வாங்கும்போது எத்தனை ஆன்டெனா என்று பார்க்கிறோம். எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது வேறு: கரண்ட் விட்டுவிட்டு வரும்போது உள்ளிருக்கும் மென்பொருள் (ஃபர்ம்வேர்) தாங்குமா?

இதற்கான பாடம் தேனியில் இருக்கிறது. 2000களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனை, தேனியிலிருந்து சுற்றுவட்டார ஊர்களில் உள்ள தன் பார்வை மையங்களுக்கு வைஃபை இணைப்பு கொடுத்தது. நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்திருக்க, மருத்துவர் தேனியிலிருந்து வீடியோவில் பேசினார். தொழில்நுட்பம் எரிக் ப்ரூவரின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவுடையது. வைஃபை வீட்டுக்குள் ஓடுவதற்காகப் பிறந்தது. அனுப்பிய தகவலுக்கு 'கிடைத்தது' என்ற பதில் நொடியின் சிறு துளிக்குள் வராவிட்டால், தொலைந்துவிட்டதென்று மறுபடி அனுப்பும். பல கிலோமீட்டர் தாண்டினால் அந்தப் பதில் பிந்தும். மென்பொருளைத் திறந்து பார்க்க முடிந்ததால், இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி அதையே மாற்றி எழுதினார்கள்.

அதன் பிறகும் அவர்களை விடாமல் துரத்தியது மின்சாரம்தான். மின்னழுத்தம் தள்ளாடும் நேரத்தில் பெட்டியின் மெமரி கார்டில் எதையாவது எழுதினால் கார்டே கெட்டுவிடும், பெட்டி எழுந்திருக்காது. கடைசியில் இயங்குதளம் இருக்கும் பகுதியில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டினார்கள். 2008இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ஃபர்ம்வேரைச் சிபாரிசு செய்வது இதனால்தான். பெரும்பாலான ரவுட்டர்களில் அதன் அடித்தளம் படிக்க மட்டுமே கூடியது. நீங்கள் செய்யும் மாற்றங்கள் மேலே தனி அடுக்கில் உட்காரும். அந்த அடுக்கு கெட்டால், பெட்டி எழும் நேரத்தில் பட்டனை அழுத்தி ஃபெயில்சேஃப் முறையில் நுழைந்து, அதை மட்டும் துடைத்துவிடலாம். டிடி-டபிள்யூஆர்டி என்ற இன்னொரு ஃபர்ம்வேரின் திரை புதியவர்களுக்கு எளிது, மறுக்கவில்லை. ஆனாலும் நிலையான பதிப்புகளும் பாதுகாப்புத் திருத்தங்களும் ஒழுங்காக வருவது ஓப்பன்டபிள்யூஆர்டியில்தான்.

அது பிறந்த கதையும் முக்கியம். லிங்க்சிஸ் 2002 இறுதியில் விற்பனைக்கு விட்ட டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது 2003இல் தெரியவந்தது. மூலநிரலைத் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தைக் காட்டிப் பலரும் கேட்ட பிறகே மூலநிரல் வெளியானது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. கேட்டவர்கள் விட்டுக்கொடுத்திருந்தால் இன்று நமக்கு இது கிடைத்திருக்காது.

வாங்கும்போது: 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராம் அடிமட்ட அளவு, 16, 128 இருந்தால் நிம்மதி. டிபி-லிங்க் 841என் மாடலின் பல பதிப்புகளில் 4, 32 மட்டுமே என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள். ஒரே பெயரில் வரும் பெட்டிக்குள் வேறு வேறு சிப் இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். மீடியாடெக் அல்லது குவால்காம் ஏதெராஸ் சிப் நல்லது. பிராட்காம் சிப்பின் வைஃபைக்குத் திறந்த டிரைவர் சரியாக இல்லை. ஃபைபர் இணைப்போடு கேபிள்காரர் வைத்த பெட்டியில் கை வைக்க வேண்டாம். அதன் பின்னால் உங்கள் ரவுட்டரைச் செருகினால் போதும்.

அடாப்டர் கருகுவதை எந்த ஃபர்ம்வேரும் தடுக்காது. அதற்கு ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் வேண்டும். ஃபர்ம்வேர் ஏற்றும் அந்தச் சில நிமிடங்களுக்கும் அது அவசியம். பாதியில் கரண்ட் போனால் அடித்தளமே சிதையும், ஃபெயில்சேஃபும் உதவாது. கம்பெனியின் பழைய ஃபர்ம்வேரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, ரவுட்டரையும் லேப்டாப்பையும் லேன் கேபிளால் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.