இருமொழி எல்லையில் கணிப்பொறியின் முதற்பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து தெற்கே செல்பவர் பாறசாலையை அடைகிறார். இன்னும் சிறிது தொலைவு சென்றால் இஞ்சிவிளை. அதற்கப்பால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப்பட்டன. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆகவே வீட்டில் தமிழும், சந்தையில் இரு மொழிகளும், அலுவலகத்தில் மலையாளமும் வழங்கும் குடும்பங்கள் இவ்வூர்களில் இன்றும் உள்ளன. இத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாகக் கணிப்பொறியின் முன் அமரும்போது, பிற ஊர்களில் எழாத ஒரு கேள்வி அவருக்கு எழுகிறது: எந்த எழுத்தில் எழுதுவது?

பொதுமக்களுக்குக் கணிப்பொறி கற்பிக்கும் முயற்சியில் கேரளம் முன்னோடி மாநிலமாகும். குடும்பத்துக்கு ஒருவரேனும் இக்கருவியைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் அக்ஷயா திட்டம் 2002-ஆம் ஆண்டில் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவி, விண்ணப்பங்களும் சான்றிதழ்களும் பெறும் மையங்களாக வளர்ந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே உள்ள புல்லம்பாறை ஊராட்சி, முழு மின்னணு எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அம்முறை மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்டு, 21 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றபின், 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளம் முழுவதற்கும் இதே அறிவிப்பு வெளியாயிற்று.

இச்சாதனை பெரிது. ஆயினும் இப்பயிற்சி பெரும்பாலும் கைப்பேசியைக் கொண்டே அளிக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. கைப்பேசியில் படம் எடுக்கவும் செய்தி அனுப்பவும் பழகிய ஒருவர் மேசைக் கணிப்பொறியின் முன் வந்ததும் தடுமாறுவதைக் காணலாம். அதற்குக் காரணம் அறியாமை அன்று. கைப்பேசி தன் கோப்புகளை எங்கே வைக்கிறது என்பதை உடையவருக்குக் காட்டுவதில்லை. அவரும் அதைக் கேட்க வேண்டியதில்லை. கணிப்பொறியோ ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பெயரையும் ஓர் இடத்தையும் கேட்கிறது.

கருவியின் உறுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. திரை, விசைப்பலகை, கைக்குள் அடங்கும் மௌஸ், கணக்கிடும் பகுதி அடங்கிய பெட்டி ஆகியவையே அவை. மடிக்கணிப்பொறியில் இவை ஒன்றாக இணைந்திருக்கும். மௌசின் இடப்பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு பொருள் தேர்ந்தெடுக்கப்படும், விரைந்து இருமுறை அழுத்தினால் திறக்கும். வலப்பொத்தான் அப்பொருளைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்னும் பட்டியலைக் காட்டும். ஒரு வாரப் பழக்கத்தில் கை இவற்றைத் தானே கற்றுக்கொள்ளும். கருத்தூன்றிக் கற்க வேண்டியது எழுத்து.

கணிப்பொறிக்கு எழுத்துகள் தெரியா, எண்களே தெரியும். உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் பொது ஏற்பாட்டுக்கு யூனிகோடு என்று பெயர். 1991-ஆம் ஆண்டில் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் மலையாளமும் இடம் பெற்றன. இதன்படி தமிழ்க் ககரத்தின் எண் 2965; மலையாளக் ககரத்தின் எண் 3349. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 384. தமிழ் அகரம் 2949, மலையாள அகரம் 3333. இங்கும் வேறுபாடு 384-தான். மகரத்துக்கும் றகரத்துக்கும், தமிழ்ப் புள்ளிக்கும் அதற்கு இணையான மலையாளச் சந்திரக்கலைக்கும்கூட இதே கணக்கு பொருந்தும். இந்திய எழுத்துகளை ஒரே வரிசையில் அடுக்கிய பழைய இந்தியக் குறிமுறையைப் பின்பற்றி யூனிகோடு அமைக்கப்பட்டதே இவ்வொழுங்குக்குக் காரணம்.

விசைப்பலகையிலும் இத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. இன்ஸ்கிரிப்டு எனப்படும் விசையமைப்பை 1986-ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுத் துறை வகுத்தது. 1991-ஆம் ஆண்டில் அது இந்தியத் தர நிர்ணயத்திலும் இடம் பெற்றது. உயிர்களும் உயிர்க்குறிகளும் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் என்பது இதன் அமைப்பு. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே விசை என்பதே இதன் சிறப்பு. ஆங்கிலக் ‘கே’ பொறித்த விசையை அழுத்தினால், தமிழ் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பின் தமிழ்க் ககரமும், மலையாளம் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பின் மலையாளக் ககரமும் தோன்றும்.

நெய்யாற்றின்கரை என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். இன்ஸ்கிரிப்டு முறையில் இதைத் தமிழில் எழுத, நகரம், எகரக்குறி, யகரம், புள்ளி, யகரம், ஆகாரக்குறி, றகரம், புள்ளி, றகரம், இகரக்குறி என்ற வரிசையில் முதல் பத்து விசைகள் அழுத்தப்படுகின்றன. மலையாளத்தில் எழுதுவதற்கும் முதல் பத்து விசைகள் இவையே, ஒன்றுகூட மாறுவதில்லை. அடுத்து வரும் னகர மெய்க்குத் தமிழில் புள்ளி வைக்கிறோம். மலையாளத்தில் சில்லு எனப்படும் தனி எழுத்து உண்டாதலின் அங்கே முறை சற்று மாறும். பின்னர்க் ககரமும் ரகரமும் மீண்டும் பொதுவாகி, தமிழில் மட்டும் இறுதியில் ஐகாரக்குறி சேரும். ஆகவே ஒரு மொழியில் தட்டெழுதப் பழகியவருக்கு மற்ற மொழியின் தட்டச்சில் முக்காற்பங்கு முன்னரே கைவந்திருக்கும். கேரளப் பள்ளிகளில் மலையாளத் தட்டச்சு இவ்வமைப்பிலேயே பயிற்றப்படுகிறது. எனவே தாய்க்குத் தமிழ் தட்டெழுதக் கற்றுத்தர, பள்ளி செல்லும் மகளே போதும்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ‘நெ’ என்று எழுதும்போது தாளில் முதலில் வருவது கொம்பு. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் கொம்பையே முதலில் அடிப்பர். கணிப்பொறியிலோ ஒலிக்கும் முறைப்படி நகரம் முன்னும் எகரக்குறி பின்னும் வர வேண்டும். குறியை இடப்பக்கம் கொண்டு வைக்கும் வேலையைப் பொறி பார்த்துக்கொள்ளும். தட்டச்சு நிலையங்களில் பயின்று தேர்வு எழுதியவர்கள் பழக்கத்தால் கொம்பை முன்னே அழுத்தி, அதனருகே புள்ளிகளாலான சிறு வட்டம் ஒன்று தோன்றுவதைக் கண்டு, பொறி பழுதாகிவிட்டதென எண்ணுவதுண்டு. பழுது ஏதும் இல்லை; சார்ந்து நிற்க ஒரு மெய்யில்லாமல் குறி மட்டும் தனித்து நிற்கிறது என்பதையே அவ்வட்டம் அறிவிக்கிறது.

தமிழ்நாட்டில் பெரிதும் போற்றப்படுவது தமிழ்99 என்னும் மற்றோர் அமைப்பு. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி இது தரப்படுத்தப்பட்டது. இதில் உயிர்க்குறிகளுக்கெனத் தனி விசைகள் இல்லை; மெய்யையடுத்து உயிரை அழுத்தினால் உயிர்மெய் தோன்றும். ஒரே மெய் இருமுறை வருமாயின் முதலாவது தானே புள்ளி பெறும். நெய்யாற்றின்கரைக்கு இன்ஸ்கிரிப்டில் 15 விசைகளும், அவற்றுள் மூன்று தடவை ஷிப்டு விசையும் வேண்டும். தமிழ்99-இல் 13 விசைகள் போதும், ஷிப்டு தேவையில்லை. களியக்காவிளையில் வாழ்ந்து தமிழ் மட்டும் எழுதுவோருக்குத் தமிழ்99 சிறந்தது என்பதில் ஐயமில்லை. இரு மொழியிலும் மனு எழுத வேண்டிய பாறசாலைக்காரருக்கு இன்ஸ்கிரிப்டே ஏற்றது. இரண்டு விசையமைப்புகளை மனத்திற்கொண்டு விரல்களைக் குழப்புவதைவிட மூன்று ஷிப்டு அழுத்தம் பெரிய சுமையன்று. விண்டோஸ் முறைமையில் இரு மொழிகளையும் அமைப்புப் பகுதியில் ஒருமுறை சேர்த்துவிட்டால், அதன்பின் விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம்.

எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிடின் விளைவு என்ன? யூனிகோடு பரவுமுன் அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் பாமினி போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தின. சில இடங்களில் இன்றும் அவை வழக்கில் உள்ளன. இவற்றில் தமிழ் எழுத்து என்பது வெறும் தோற்றமே. திரையில் ‘அம்மா’ என்று தெரிவதைப் பொறி, ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்னும் ஆங்கிலக் குறிகளாகவே வைத்திருக்கும். பெறுபவரின் பொறியில் அதே எழுத்துரு இல்லையெனில் அவ்வாங்கிலக் குறிகளே அவர் கண்ணுக்குத் தெரியும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தத்தம் மொழியிலேயே எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி வகுத்தது. அவ்வாறு உரிமையுடன் எழுதிய மனு, அலுவலகத்தை அடையும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக மாறியிருக்குமானால், அதைப் படிக்க முடியாத எழுத்தரைக் குறை கூறுவதற்கில்லை. தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. எல்லையின் இருபுறத்திலும் படிக்கப்பட வேண்டிய எதையும் அம்முறையிலேயே எழுதுதல் வேண்டும்.

பெயர்களிலும் இதே எச்சரிக்கை தேவை. பாறசாலை, பாறச்சாலை, பாரசாலை என மூவர் மூவிதமாக எழுதினால் ஊரார் ஓரூர் என்றே கொள்வர்; பொறிக்கோ அவை வெவ்வேறு எண் வரிசைகள். ‘பாறச்சாலை’யில் கூடுதலாக வரும் ‘ச்’ கண்ணுக்கு ஓரெழுத்து. பொறிக்குச் சகரமும் புள்ளியுமாக இரண்டு எண்கள். அதுபோலவே, தந்தை பெயரின் முதலெழுத்தைத் தமிழர் பெரும்பாலும் பெயருக்கு முன்னே எழுதுவர். கேரளத்தில் பின்னே எழுதும் வழக்கம் மிகுதி. களியக்காவிளையில் படித்தபோது முன்னே நின்ற எழுத்து, நெய்யாற்றின்கரையில் பெற்ற சான்றிதழில் பின்னே நின்றால், இரண்டையும் ஒப்பிடும் பொறி அவற்றை இருவருடைய பெயர்களாகக் கொள்ளக்கூடும். ஆகவே விண்ணப்பத்தைப் பிறரைக் கொண்டு நிரப்புவோரும், அனுப்புமுன் திரையில் உள்ள பெயரைத் தம் ஆதார் அட்டையுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். கற்றவர் துணையின்றி இவ்வளவு செய்ய முடிந்தாலே பயிற்சியின் பெரும்பயன் கிட்டியதாகும்.

எழுதியதைச் சேமிப்பது அடுத்த பாடம். திரையில் தெரியும் கடிதம், சேமிக்கும் வரை பொறியின் தற்காலிக நினைவில் மட்டுமே இருக்கிறது; மின்சாரம் நின்றால் அதுவும் போய்விடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இவ்வூர்களில் மின்தடை புதிதன்று. கண்ட்ரோல் விசையுடன் ‘எஸ்’ விசையை அழுத்தினால் பொறி கோப்பின் பெயரைக் கேட்கும். ‘கடிதம்’ என்றோ ‘புதியது’ என்றோ பெயரிடுவோர் ஒரு மாதத்தில் பத்துக் ‘கடிதங்களுக்கு’ நடுவே திகைப்பர். ‘வருமானச் சான்று மனு 2025 ஜூன்’ என்பது போன்ற பெயரே பிறகு தேடிக் காண உதவும். பெயரிட்ட பின், ‘ஆவணங்கள்’ என்னும் உறையில் ‘ஊராட்சி’, ‘பள்ளி’, ‘வங்கி’ எனச் சில உள்ளுறைகளை அமைத்து அவற்றுள் வைத்தல் நலம். ஒரு முறை சேமித்துவிட்டதோடு நில்லாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே இரு விசைகளை அழுத்துவது நல்ல பழக்கம்.

சொந்தக் கணிப்பொறி இல்லாதவர்கள் மையங்களிலும் நூலகங்களிலும் உள்ள பொதுப் பொறிகளை உபயோகிக்கின்றனர். இங்கு அபாயம் வேறு வகையானது. ஸ்கேன் செய்யப்பட்ட ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் ‘பதிவிறக்கங்கள்’ என்னும் உறையில் கிடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்து வந்து அமர்பவர் அவற்றைத் திறந்து பார்க்கலாம். வேலை முடிந்ததும் அக்கோப்புகளை நீக்க வேண்டும். நீக்கப்பட்டவை முதலில் குப்பைத் தொட்டியின் வடிவில் உள்ள உறைக்கே செல்லுமாதலால் அதையும் காலி செய்தல் வேண்டும். கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளலாமா எனப் பொறி கேட்டால் ‘வேண்டாம்’ என்னும் விடையையே தேர்க. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணை மையத்தில் உள்ளவரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் தாமே தட்டெழுதுவது முறை. அஞ்சலையும் வங்கிக் கணக்கையும் திறந்திருந்த பக்கங்களில், பக்கத்தை மூடுவது மட்டும் போதாது. முதலில் ‘வெளியேறு’ என்னும் பொத்தானை அழுத்தி, மீண்டும் கடவுச்சொல் கேட்கும் பக்கம் தோன்றுவதைக் கண்ட பின்னரே இருக்கையை விட்டு எழ வேண்டும்.