'அக்ரீ' என்னும் சொல்லுக்குத் துணை எது?



ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் சொற்களை மனனம் செய்வதில் காட்டும் அக்கறையை, அச்சொற்களைத் தொடர்ந்து வரும் சின்னஞ்சிறு துணைச் சொற்களில் காட்டுவதில்லை. 'டு', 'வித்', 'ஆன்', 'ஃபார்' ஆகியவை மிகச் சிறியவைதாமே, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் என்ன கெட்டுவிடும் என எண்ணுகின்றனர். சம்மதத்தைக் குறிக்கும் 'அக்ரீ' என்னும் ஒரே வினையை எடுத்துக்கொண்டு, அவ்வெண்ணம் சரிதானா என ஆராய்வோம். திருமணப் பேச்சிலும், வாடகைப் பத்திரத்திலும், வியாபாரக் கடிதத்திலும், வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்திலும் இச்சொல் நம் இல்லங்களுக்குள் வந்துவிடுகிறது. ஆதலின் இதனைப் பிழையறக் கற்பது நம் கடமையாகும்.

துணைச் சொல் மாறினால் பொருளே மாறும் என்பது மதரஸாவில் 'ஹுரூஃபுல் ஜர்' பயின்றோர்க்குப் புதிதன்று. 'தஆ' என்னும் அரபு வினைக்கு அழைத்தான், இறைஞ்சினான் என்பன பொருள். 'தஆ லஹு' என்றால் ஒருவனுக்கு நன்மை வேண்டி இறைஞ்சினான் என்றாகும். 'தஆ அலைஹி' என்றாலோ, அவனுக்குக் கேடு வர வேண்டி இறைஞ்சினான் என்றாகிவிடும். வினை ஒன்றே, 'லி' என்பதும் 'அலா' என்பதும் துஆவைச் சாபத்தினின்று பிரித்து நிறுத்துகின்றன.

தமிழில் இப்பணியை வேற்றுமை உருபுகள் செய்கின்றன. நன்னூல் வேற்றுமைகளை எட்டு என வகுக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குரிய 'ஓடு', அதன் சொல்லுருபாகிய 'உடன்', நான்காம் வேற்றுமைக்குரிய 'கு', ஏழாம் வேற்றுமையில் வரும் 'இல்' ஆகியவற்றை மனத்திற்கொண்டால் 'அக்ரீ' எளிதில் விளங்கும்.

'உங்களுடன் உடன்படுகிறேன்' என்பது கருத்தொற்றுமை. நீங்கள் எண்ணுவதையே நானும் எண்ணுகிறேன் என்பது அதன் பொருள். இதற்கு 'ஐ அக்ரீ வித் யூ' என வரும். 'உங்கள் நிபந்தனைக்கு உடன்படுகிறேன்' என்பது இசைவு. நீங்கள் கேட்டதை ஏற்கிறேன் என்பது அதன் பொருள். இதற்கு 'ஐ அக்ரீ டு யுவர் கண்டிஷன்' என வரும். இரு தரப்பார் கூடிப் பேசி ஒரு பொருளில் முடிவுக்கு வந்தால் 'ஆன்' அல்லது 'அப்பான்' வரும். நிக்காஹ் தேதியை இரு குடும்பத்தாரும் பேசி முடித்தனர் என்பதை, 'தி டூ ஃபேமிலீஸ் அக்ரீட் ஆன் தி டேட்' என எழுத வேண்டும்.

இவ்வேறுபாடு எங்கே பயன்படும் எனக் கேட்பீர்களாயின், நம் திண்டுக்கல்லையே பாருங்கள். தோல் பதனிடுதலும் பூட்டுத் தொழிலும் இவ்வூரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு சென்றவை. திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஒரு தோல் வியாபாரிக்கு வெளிநாட்டுக் கொள்முதலாளர் ஒருவர், "சந்தை மந்தமாக உள்ளது, விலையைக் குறைத்துத் தாருங்கள்" என எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விலையைக் குறைக்க வியாபாரிக்கு மனமில்லை. சந்தை மந்தம் என்பதை மட்டும் மரியாதைக்காக ஏற்றுக்கொள்ள விரும்புகிறார். அப்பொழுது அவர், சந்தையைப் பற்றிய கருத்தில் 'வி அக்ரீ வித் யூ' என எழுதி, விலை குறித்துத் தம் மறுப்பையும் அடுத்த வரியிலேயே எழுதலாம். 'வி அக்ரீ டு யுவர் பிரைஸ்' என எழுதிவிட்டாலோ, குறைந்த விலைக்கே சரக்கை அனுப்ப இசைந்துவிட்டார் என்றே எதிர்த் தரப்பார் கொள்வர்.

இது வெறும் இலக்கணச் சண்டையன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் புரிந்துகொண்டு இசைவதே சம்மதம் என அதன் 13ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஒரு முன்மொழிவை ஏற்பது முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருத்தல் வேண்டும் என 7ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு துணைச் சொல்லை மட்டும் கொண்டு வழக்கு முடிவதில்லை. கடிதம் முழுவதும் பார்க்கப்படும். எனினும், ஏற்றாரா, கருத்து மட்டும் சொன்னாரா என்ற ஐயத்திற்கு நாமே ஏன் இடம் தர வேண்டும்?

இனி, நம்மவரிடையே மிகுதியாகக் காணப்படும் பிழைக்கு வருவோம். 'தந்தை திருமணத்திற்குச் சம்மதித்தார்' என்பதை, 'ஃபாதர் அக்ரீட் ஃபார் தி மேரேஜ்' எனப் பலர் எழுதுகின்றனர். 'எனக்கு' என்பதை 'ஃபார் மீ' எனப் பெயர்த்துப் பழகியமையால், 'கு' உருபைக் கண்டவுடன் 'ஃபார்' வந்து நிற்கிறது. 'அக்ரீட் டு தி மேரேஜ்' என்பதே சரி. அவ்வாறே 'ஐ ஆம் அக்ரீ' என்பதும் பிழை. 'அக்ரீ' தானே வினையாதலின், அதற்கு முன் 'ஆம்' வேண்டியதில்லை.

அப்படியானால் 'கு' வருமிடமெல்லாம் 'டு' இட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. திண்டுக்கல் பிரியாணியை இரவில் வயிறு நிறைய உண்டுவிட்டு, 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என ஒருவர் வருந்தினால், ஆங்கிலத்தில் 'இட் டிட் நாட் அக்ரீ வித் மீ' என்றே சொல்ல வேண்டும். தமிழில் 'கு' இருக்க, ஆங்கிலத்தில் 'வித்' வருகிறது. வியப்பு என்னவெனில், உணவு உடம்புக்கு ஒத்துக்கொள்வதையும் மனிதர் ஒரு கருத்தை ஒத்துக்கொள்வதையும் இரு மொழிகளும் ஒரே வினையால் குறிக்கின்றன. துணையில் மட்டும் பிரிந்து போகின்றன. உருபுகள் வழிகாட்டுமேயன்றி முடிவு சொல்லா.

மற்றொன்றையும் நினைவிற்கொள்க. 'ஐ அக்ரீ வித் தி பிளான்' என்பது பிழையன்று. அத்திட்டம் நன்று என நான் கருதுகிறேன் என்பது அதன் பொருள். 'அக்ரீ டு தி பிளான்' என்றால், அது நிறைவேற நான் இசைவு தந்தேன் என்றாகும். திட்டம் நன்று எனக் கருதியும் இசைவு தர மறுக்கலாம். பிடிக்காமலே இசைவு தருவதும் உண்டு. மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் நன்று. மாப்பிள்ளை நல்லவர் என்று அவள் சொல்வது 'வித்'. அவரை மணக்க இசைகிறேன் என்பதே 'டு'. முன்னதைக் கேட்டுவிட்டுப் பின்னது கிடைத்ததாகப் பெரியோர் எண்ணிக்கொள்ளலாகாது.

பிரிட்டிஷ் வணிக வழக்கில் துணைச் சொல் ஏதுமின்றி 'அக்ரீ எ பிரைஸ்' எனவும் எழுதுவர். அதனைக் கண்டு மயங்க வேண்டா. அது 'ஆன்' மறைந்து நிற்கும் வழக்கு எனக் கொள்ளலாம். பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளைகள் 'ஆன்' சேர்த்தே எழுதுதல் பாதுகாப்பு.

இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள அலைபேசியில் 'ஐ அக்ரீ' என்னும் பொத்தான் அடிக்கடி தோன்றுகிறது. அதன்பின் துணைச் சொல் எதுவும் இல்லை. ஆனால் அங்கே மறைந்திருப்பது 'வித்' அன்று, 'டு' ஆகும். உங்கள் கருத்தை எவரும் கேட்கவில்லை. நிபந்தனைகளுக்கு உங்கள் இசைவைக் கேட்கின்றனர். கடன் தரும் செயலியாயினும், வளைகுடா வேலைக்கான படிவமாயினும், எதற்கு இசைகிறோம் என்பதைப் படித்தறிந்த பின்னரே விரலை வையுங்கள்.

தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் ஒரு சொல். பிள்ளைகளின் குறிப்பேட்டில் ஆங்கில வினைகளைத் தனியே எழுத விடாதீர்கள். வினை, அதன் துணை, வீட்டில் வழங்கும் ஒரு வாக்கியம் என மூன்றையும் ஒரே வரியில் எழுதச் செய்யுங்கள். நாளொன்றுக்கு ஒரு வினை போதும். இன்றிரவு 'அக்ரீ' என்பதற்கு மூன்று வாக்கியம் எழுதச் சொல்லி, நீங்களும் அருகிலமர்ந்து படித்துப் பாருங்கள்.