பிசிறில்லாமல் படம் வெட்டலாம்

ஆண்டு முடிந்ததும் பழைய காலண்டரை என்ன செய்கிறோம்? தேதித் தாள்கள் கிழிந்து போயிருக்கும். மேலே உள்ள லட்சுமி படம் மட்டும் பளிச்சென்று இருக்கும். அதைத் தூக்கி எறிய மனம் வராது. படத்தை வெட்டி எடுப்போம். அட்டையில் ஒட்டுவோம். சுவரில் மாட்டுவோம்.

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று தமிழர்கள் வாழும் பகுதிகள் பல. அங்கும் இப்படி ஒட்டிய படங்களைப் பார்க்கலாம். சிலர் வெட்டிய படம் அச்சில் வார்த்தது போல இருக்கும். சிலர் வெட்டியதில் லட்சுமியின் விரல் போயிருக்கும். தாமரை இதழ் பாதியாகியிருக்கும். ஓரமெல்லாம் பிசிறு தட்டியிருக்கும்.

"எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிக் கொள்வார்கள். அது சரியல்ல. படம் வெட்டுவதற்கு ராசி வேண்டாம். சரியான கருவி வேண்டும். எதை முதலில் வெட்டுவது, எதைக் கடைசியில் வெட்டுவது என்று தெரிய வேண்டும். பிறகு பழக்கம் வேண்டும். எழுத்துப் பழகிய கைக்கு இதுவும் வரும்.

நம் முன்னோர் செய்த வேலை

இது புதிய வேலை அல்ல. கேரளத்தில் கிளிமானூரில் 1848-ஆம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் ராஜா ரவிவர்மா. அவர் காலத்தில் நல்ல வண்ண ஓவியங்கள் அரண்மனையிலும் பணக்காரர் வீட்டிலும்தான் இருந்தன. ரவிவர்மா 1894-இல் மும்பையில் ஓர் அச்சகம் தொடங்கினார். கல்லில் படம் எழுதி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லாக வைத்து அச்சிட்டார்கள். லட்சுமியும் சரசுவதியும் சாதாரண மக்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

வாங்கிய படத்தை மக்கள் சும்மா மாட்டி வைக்கவில்லை. தெய்வத்துக்குப் புடவை கட்டினார்கள்! படத்தில் புடவை எவ்வளவு இடத்தில் இருக்கிறதோ, அதே வடிவத்தில் துணியை வெட்டினார்கள். படத்தின் மேல் ஒட்டினார்கள். கரையில் ஜரிகை வைத்தார்கள். நகைக்குச் சமிக்கியும் மணியும் வைத்தார்கள். முகம், கை, கால் மட்டும் அச்சிட்டபடியே இருக்கும். சிலர் உருவத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்து வேறு பின்னணியில் ஒட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். துணி கொஞ்சம் பெரிதானால் கை மறைந்துவிடும். கொஞ்சம் சிறிதானால் அடியில் உள்ள அச்சு தெரியும். எவ்வளவு நிதானமாக வெட்டியிருக்க வேண்டும்! அப்படி ஒட்டிய பழைய படங்களை இன்று கலைப்பொருளாகச் சேர்த்து வைக்கிறார்கள். ரவிவர்மாவின் பெயரில் ஒரு பாரம்பரிய அறக்கட்டளையும் பெங்களூரில் இயங்குகிறது.

என்னென்ன வேண்டும்?

அவென்யூ சாலையிலும் சிக்பேட்டையிலும் உள்ள காகிதக் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம்.

பெரிய கத்தரிக்கோல் ஒன்று. நீளமான வெட்டுக்கு இது.

சிறிய கத்தரிக்கோல் ஒன்று. பூவேலை செய்பவர்கள் நூல் வெட்டுவார்களே, அது போதும். அதன் முனை கூர்மையாக இருக்க வேண்டும். துணிக்கு வைத்திருக்கும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டாதீர்கள். அது மழுங்கிவிடும்.

காகிதம் வெட்டும் கத்தி ஒன்று. பேனாவைப் போலப் பிடிக்கும் கத்தி நல்லது. முனையை ஒடித்து ஒடித்துப் புதிதாக்கும் கட்டரும் பயன்படும்.

இரும்பு ஸ்கேல் ஒன்று. பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம். கத்தி அதையே வெட்டிவிடும்.

அடியில் வைக்க ஒரு வெட்டுப்பலகை. அது இல்லாவிட்டால் தடித்த அட்டை போதும். அட்டையில் பள்ளம் விழுந்தால் மாற்றிவிடுங்கள். கத்தி பழைய பள்ளத்தில் இறங்கி வழி மாறிவிடும்.

இவற்றோடு பென்சில், பசை, சிறு இடுக்கி. இவ்வளவுதான்.

வெட்டும் முறை

முதலில் வெளிச்சம். ஜன்னல் ஓரம் உட்காருங்கள். வலது கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வர வேண்டும். அப்போதுதான் கையின் நிழல் கோட்டின் மேல் விழாது.

படத்தை நேராகக் கோட்டில் வெட்டத் தொடங்காதீர்கள். சுற்றிலும் ஒரு விரல் அகலம் விட்டுத் தோராயமாக வெட்டி எடுங்கள். பெரிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு திருப்புவது கடினம். சிறிய துண்டு எளிதாகத் திரும்பும்.

தாள் மெலிதாக இருந்தால் முதலில் கொஞ்சம் தடித்த தாளில் ஒட்டுங்கள். பசையை மெலிதாகப் பூசுங்கள். மேலே கனமான புத்தகத்தை வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஈரத் தாள் வெட்டாது, கிழியும்.

இனி முக்கியமான விதி. உள்ளே முதலில், வெளியே கடைசியில். கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். கொடிக்கும் இலைக்கும் நடுவே ஒரு துளை இருக்கும். அவற்றை முதலில் வெட்டி எடுங்கள். அப்போது சுற்றிலும் தாள் இருக்கும். பிடித்துக்கொள்ள வசதி. வெளி ஓரத்தை முதலில் வெட்டிவிட்டால் படம் துவண்டு போகும். பிறகு உள்ளே வெட்டும்போது விரலோ இலையோ கிழியும்.

உள் துளையைக் கத்தியால் வெட்டுவது நல்லது. கத்தரிக்கோல்தான் இருக்கிறது என்றால், துளையின் நடுவில் ஊசியால் குத்துங்கள். கோட்டின் மேல் குத்த வேண்டாம். நடுவிலிருந்து வெட்டிக்கொண்டே கோட்டுக்கு வாருங்கள்.

கத்தரிக்கோலால் வெளி ஓரம் வெட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். கத்தரிக்கோல் பிடித்த கை அசையாமல் இருக்கட்டும். திரும்ப வேண்டியது காகிதம். வலது கைக்காரர்கள் படத்தைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாக வெட்டிப் போக வேண்டும். இடது கை தாளைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கும். இப்படிச் செய்தால் கோடு எப்போதும் கண்ணுக்குத் தெரியும். இடது கைக்காரர்கள் மறுபக்கமாக வெட்ட வேண்டும்.

கத்தரிக்கோலை முழுவதும் மூடாதீர்கள். முனை வரை மூடி மூடித் திறந்தால் ஓரத்தில் படிப்படியாக விழும். முக்கால் பாகம் மூடியதும் திறந்து, முன்னே நகருங்கள்.

உள்நோக்கிய மூலை வந்தால்? அங்கே கத்தரிக்கோலைத் திருப்பக் கூடாது. ஒரு பக்கமிருந்து மூலை வரை வெட்டி நிறுத்துங்கள். கத்தரிக்கோலை வெளியே எடுங்கள். மறுபக்கமிருந்து அதே மூலைக்கு வாருங்கள். துண்டு தானாக விழும். விழாவிட்டால் இழுக்காதீர்கள். மூலையில் இன்னும் ஓர் இழை ஒட்டியிருக்கிறது என்று பொருள். கத்தி முனையால் அதைத் தொட்டுவிடுங்கள்.

கத்தியால் வெட்டும்போது அழுத்த வேண்டாம். ஒரே கோட்டில் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுங்கள். ஸ்கேல் வைத்து வெட்டினால், ஸ்கேல் படத்தின் மேல் இருக்கட்டும். கத்தி வழுக்கினாலும் வீண் தாள்தான் வெட்டுப்படும். படம் பிழைக்கும்.

மிக மெல்லிய முடி, நூல், புல் இவற்றை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியதில்லை. நூலிழை அகலம் விட்டுச் சேர்த்தே வெட்டுங்கள். வெட்டிய பின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தால், அதே நிறப் பென்சிலால் மெதுவாகத் தடவுங்கள். வெள்ளை மறைந்துவிடும்.

கையும் பத்திரம், மற்றவர் கையும் பத்திரம்

சவர பிளேடைக் கையில் பிடித்து வெட்ட வேண்டாம். அதற்கு இரண்டு பக்கமும் கூர். கத்தி வரும் வழியில் மறு கையின் விரல் இருக்கக் கூடாது. மழுங்கிய கத்திதான் அதிக ஆபத்து. வெட்டாததால் அழுத்துவோம். அழுத்தினால் வழுக்கும்.

ஒடித்த பிளேடுத் துண்டுகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். குப்பை எடுக்க வரும் பௌரகார்மிகரின் கையை அது கிழித்துவிடும். ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, உள்ளே பிளேடு இருக்கிறது என்று மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள்.

நம் எழுத்திலேயே பழகலாம்

நல்ல படத்தில் முதல் முயற்சி வேண்டாம். பழைய அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக, பட்டையாக எழுதுங்கள். அவற்றை வெட்டிப் பழகுங்கள்.

முதல் நாள் ட, ப. இவற்றில் நேர்கோடுகள்தான். 'ப' எழுத்தின் உள்ளே இரண்டு மூலைகள் உண்டு. மூலை வெட்டப் பழக அதுவே போதும்.

அடுத்த நாள் ய. இதில் வளைவு வரும். தாளைத் திருப்பப் பழகுங்கள்.

மூன்றாம் நாள் ம, அ. இவற்றில் மூடிய வட்டம் உண்டு. உள்ளே முதலில், வெளியே கடைசியில் என்ற விதி இங்கே வேண்டும்.

இப்போது இன்னொன்று பாருங்கள். எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதி அட்டையை அச்சாக வைத்துச் சாயம் பூசலாம். ஆனால் 'அ' எழுத்தின் வட்டத்துக்குள் உள்ள துண்டு என்னவாகும்? விழுந்துவிடும். விழாமலிருக்க ஒரு மெல்லிய பட்டையை வெட்டாமல் விட வேண்டும். அதைப் பாலம் என்று வைத்துக் கொள்ளலாம்.

வட இந்தியாவில் மதுரா, பிருந்தாவனம் என்னும் ஊர்களில் சாஞ்சி என்ற கலை உண்டு. கண்ணன் கதையைக் காகிதத்தில் நுணுக்கமாக வெட்டி எடுப்பார்கள். அந்தத் தாளைத் தரையில் வைத்து வண்ணப்பொடி தூவினால் கோலம் போலப் படம் விழும். மயில், மரம், மாடு எல்லாம் சின்னச் சின்னப் பாலங்களால்தான் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நிற்கும்.

பெங்களூரிலேயே பார்க்க ஓர் இடம் உண்டு. குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் இருக்கிறது. 1960-இல் தொடங்கியது. அங்கே கர்நாடகத்தின் பழைய தோல்பாவைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாவையின் நகைகளைப் பாருங்கள். அவை சிறுசிறு துளைகள். பின்னால் விளக்கு வைத்தால் அந்தத் துளைகளே நகையாக மின்னும். வெட்டி எடுத்த இடமும் படம்தான் என்பது அங்கே புரியும்.

வயது ஒரு தடை அல்ல

பிரான்சு நாட்டில் மத்தீஸ் என்ற பெரிய ஓவியர் இருந்தார். 1941-இல் அவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு நின்று ஓவியம் வரைவது கடினமாயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். வண்ணம் பூசிய தாள்களை வெட்டிப் படங்கள் செய்தார். இன்று உலகம் முழுவதும் அந்தப் படங்களை மக்கள் பார்க்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீட்டில் இருந்தபடியே வாழ்த்து அட்டை செய்து விற்கும் பெண்கள் உண்டு. நீங்களும் ஐம்பது அட்டைகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டதாக வைத்துக் கொள்வோம். ஓர் அட்டைக்கு 12 ரூபாய் தருகிறார்கள்.

வரவு: 50 × 12 = 600 ரூபாய்.
படம் ஒன்று 4 ரூபாய். 50 × 4 = 200 ரூபாய்.
அட்டை, பசை ஒன்றுக்கு 3 ரூபாய். 50 × 3 = 150 ரூபாய்.
மிச்சம்: 250 ரூபாய்.

ஓர் அட்டைக்கு 10 நிமிடம் என்றால் ஐம்பதுக்கு 500 நிமிடம். அதாவது 8 மணி 20 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய் கூலி.

வெட்டும்போது பத்துப் படங்கள் கெட்டுவிட்டால்? புதுப் படத்துக்கு 40 ரூபாய் போகும். மறுபடி வெட்ட 100 நிமிடமும் போகும். மிச்சம் 210 ரூபாய். நேரம் 10 மணி. கூலி மணிக்கு 21 ரூபாய்தான்! பிசிறில்லாமல் வெட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. உங்கள் உழைப்பின் விலை அதில் இருக்கிறது.

இந்தக் கணக்கை இன்னொரு விதமாகவும் பாருங்கள். ஒன்றும் கெடாவிட்டாலும் மணிக்கு 30 ரூபாய்தான் வருகிறது. இது குறைவு. அப்படியானால் 12 ரூபாய்க்கு ஒப்புக்கொள்ளலாமா? வேலையை வாங்கும் முன்பே இப்படி எழுதிப் பாருங்கள். பிறகு விலை பேசுங்கள்.

விற்பதற்குப் படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேறொருவர் வரைந்த படத்தைக் கேட்காமல் நகல் எடுத்து விற்கக் கூடாது. நம் நாட்டுச் சட்டப்படி, ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரை அவர் வரைந்த படத்துக்கு உரிமை உண்டு. ரவிவர்மா 1906-இல் மறைந்தார். அவர் வரைந்த படங்களை யாரும் நகல் எடுக்கலாம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் பெயரை அட்டையில் பெரிதாக எழுதி வெட்டுங்கள். எந்த எழுத்தில் உள் துளை இருக்கிறது?
2. ஒரே மாதிரியான இரண்டு இலைகளை வரையுங்கள். ஒன்றைத் தாளைத் திருப்பி வெட்டுங்கள். மற்றொன்றைக் கத்தரிக்கோலைத் திருப்பி வெட்டுங்கள். இரண்டையும் அருகே வைத்துப் பாருங்கள்.
3. மேலே உள்ள கணக்கில் ஐந்து படங்கள் கெட்டால் மிச்சம் எவ்வளவு?
4. மணிக்கு 60 ரூபாய் கூலி வேண்டுமானால் ஓர் அட்டைக்கு என்ன விலை கேட்க வேண்டும்?