உங்களுக்குத் தெரியுமா? கணினிக்கும் உண்டு முறைப் பாசனம்
அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த சீமையில், கண்மாய் நீர் குறைந்த வருஷங்களில் எல்லோரும் ஒரே சமயத்தில் பாய்ச்சினால் கடைமடை காய்ந்துபோகும் என்பதனால், நீர்பாய்ச்சியானவர் மண்வெட்டியும் கையுமாக வரப்பில் நின்று, ஒரு வயலின் வாய்மடையை ஈரமண்ணால் அடைத்து, அடுத்ததை வெட்டிவிடுவார். ஒரே சர்வரில் இயங்கும் பல மெய்நிகர் கணினிகளுக்குக் காப்புப் பிரதி எடுப்பதற்கும் அம்முறையே பிரதானம். அனைத்தையும் இரவு 12 மணிக்கே தொடங்கினால் வட்டு திணறி, விடிந்தும் வேலை முடியாமல் போகலாம். ஆகையால் ஒன்றை 10 மணிக்கும் மற்றொன்றை 11.30 மணிக்குமாகப் பிரித்து, வாரம் ஒருமுறை முழுப் பிரதி எடுத்து, ஏனைய நாட்களில் மாறிய பகுதிகளை மட்டும் எடுப்பது உசிதம். கணக்குவழக்கு இருக்கும் மெய்நிகர் கணினிக்கே முதல் மடை என்பது என் திடமான அபிப்பிராயம். எடுத்த பிரதியை மாதம் ஒருமுறையேனும் வேறிடத்தில் மீட்டு இயக்கிப் பார்ப்பதும் அவசியம்.